மார்பகப் புற்றுநோய் ஸ்கிரீனிங்: எப்போது தொடங்குவது, எதை எடுப்பது, ரிப்போர்ட் வந்தபின் என்ன செய்வது

மார்பில் எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்கள் நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கச் செய்துகொள்ளும் பரிசோதனைக்கு, அதாவது ஸ்கிரீனிங்குக்கு, வழிகாட்டி இது. கையில் கட்டி தட்டுப்படுகிறது, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது, ஒரு பக்கக் காம்பிலிருந்து தானாக ரத்தமோ தெளிந்த நீரோ கசிகிறது, தோல் ஆரஞ்சுத் தோல்போலக் குழிகுழியாகத் தடித்திருக்கிறது, காம்பின் மேல் சொறிபோல வந்து ஆறவே மாட்டேன் என்கிறது, அக்குளில் நெறி கட்டியிருக்கிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் ஸ்கிரீனிங்குக்குத் தேதி வாங்கிக் காத்திருக்கக் கூடாது. நேராக மருத்துவரிடம் போக வேண்டும். அவர் கையால் பரிசோதிப்பார், படம் எடுக்கச் சொல்வார், தேவைப்பட்டால் ஊசியால் திசு எடுத்துச் சோதிக்க (பயாப்ஸி) சொல்வார். 30 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு முதல் படம் பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட். அதற்கு மேல் மார்பகத்தின் எக்ஸ்ரே படமான மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் சேர்ந்து வரும்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. "ஆறு மாதத்துக்கு முன் எடுத்த மேமோகிராமில் ஒன்றும் இல்லையே" என்று கையில் தட்டுப்படும் கட்டியைத் தள்ளிப்போடுபவர்கள் நிறையப் பேர். மேமோகிராம் புற்றுநோய்களில் ஏறத்தாழ எட்டில் ஒன்றைத் தவறவிடும். பழைய படம் நன்றாக இருந்தது என்பது இன்றைய கட்டிக்கு விடையாகாது.

முதல் வேலை: குடும்பக் கணக்கு

எந்த வயதில் தொடங்குவது என்பது உங்கள் அபாயம் சராசரியா, அதைவிட அதிகமா என்பதைப் பொறுத்தது. 25 வயதுக்குள் ஒருமுறை இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும் என்பது அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பின் பரிந்துரை.

ஒரு தாள் எடுத்து அம்மா வழி, அப்பா வழி என்று இரண்டாகப் பிரியுங்கள். மார்பகம், சினைப்பை, கணையம், புராஸ்டேட் ஆகியவற்றில் யாருக்குப் புற்றுநோய் வந்தது, எந்த வயதில் வந்தது, இரண்டு மார்பிலும் வந்ததா, ஆண்கள் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் வந்ததா என்று எழுதுங்கள். அப்பா வழியை விட்டுவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற இரண்டு மரபணுக்களிலும் ஏற்படும் பிழை அப்பாவிடமிருந்தும் அதே அளவு சாத்தியத்தோடு வரும். அவருக்கு நோயே வராமல் இருந்திருக்கலாம், ஆனால் அவருடைய அக்காவுக்கும் அம்மாவுக்கும் வந்திருக்கும்.

பிஆர்சிஏ பிழை உறுதியானவர்கள், பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஒருவருக்கு அது இருந்தும் தாங்கள் இன்னும் சோதித்துக்கொள்ளாதவர்கள், 10 முதல் 30 வயதுக்குள் வேறு நோய்க்காக மார்புப் பகுதியில் கதிர் சிகிச்சை பெற்றவர்கள், குடும்ப விவரம் போன்றவற்றை வைத்து மருத்துவர்கள் போடும் கணிப்பு முறைகளில் வாழ்நாள் அபாயம் 20 சதவீதமோ அதற்கு மேலோ வருபவர்கள் ஆகியோர் அதிக அபாயப் பிரிவில் வருவார்கள். பிஆர்சிஏ உள்ளவர்களுக்குப் பொதுவாக 25 வயதிலிருந்து ஆண்டுதோறும் எம்ஆர்ஐ, 30 வயதிலிருந்து எம்ஆர்ஐயோடு ஆண்டுதோறும் மேமோகிராமும். இரண்டையும் ஆறு மாத இடைவெளியில் மாற்றி மாற்றி எடுப்பதும் உண்டு. 30க்கு முன் மேமோகிராமைத் தவிர்ப்பதற்குக் காரணம், இளம் வயது மார்பகத் திசு கதிர்வீச்சால் எளிதில் பாதிக்கப்படும் என்பதும், அதன் அடர்த்தியில் படம் தெளிவாக விழாது என்பதும்தான். எம்ஆர்ஐக்குக் கையில் ஊசி வழியே கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றுவார்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

முன்பு எடுத்த பயாப்ஸியில் 'அசாதாரண செல் பெருக்கம்' என்று வந்திருந்தால், புற்றுநோய் இல்லை என்ற நிம்மதியோடு அந்தத் தாளை மூடி வைத்துவிடாதீர்கள். அதுவும் அபாயத்தைக் கூட்டும் ஒன்றுதான்.

குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்றால் கவலையில்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. மார்பகப் புற்றுநோய் வரும் பெண்களில் பெரும்பாலோருக்கு நெருங்கிய உறவில் அந்த நோய் வந்தவர் எவரும் இல்லை. அவர்கள் எல்லாரும் சராசரி அபாயம் என்ற பிரிவில் இருந்தவர்கள்தான்.

சராசரி அபாயம்: எந்த வயது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை

இங்கே அமைப்புக்கு அமைப்பு எண்கள் மாறும்.

அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2024இல் தன் பரிந்துரையைத் திருத்தி, 40 முதல் 74 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் என்றது. அதற்கு முன் 40களில் அவரவர் முடிவு என்றுதான் சொல்லிவந்தது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 45 முதல் 54 வரை ஆண்டுதோறும், 55க்குப் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்கிறது. விரும்பினால் 40லேயே தொடங்கலாம், 55க்குப் பிறகும் ஆண்டுதோறும் தொடரலாம் என்று இடம் விட்டிருக்கிறது. பிரிட்டனின் தேசியத் திட்டம் 50இல் தொடங்கி 71ஆவது பிறந்தநாள் வரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அழைக்கிறது. ஐரோப்பிய ஆணையத்தின் வழிகாட்டுதலில் 50 முதல் 69 வரை இரண்டு ஆண்டு, 45 முதல் 49 வரை இரண்டு அல்லது மூன்று ஆண்டு, 70 முதல் 74 வரை மூன்று ஆண்டு. உலக சுகாதார நிறுவனம் 2014இல், வசதியுள்ள மருத்துவக் கட்டமைப்புகளில் 50 முதல் 69 வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்றது.

இவற்றை அடுக்கி வைத்துப் பார்த்தால், இடைவெளி மாறினாலும், 50 முதல் 69 வரை படமெடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடில்லை. சர்ச்சை முழுவதும் 40களைப் பற்றியது. அந்த வயதில் நோய் குறைவு, மார்பகம் அடர்த்தி, வீண் எச்சரிக்கைகள் அதிகம். பிரிட்டனில் 1,60,000 பெண்களை வைத்து நடந்த ஆய்வில், 40களில் ஆண்டுதோறும் படமெடுத்ததால் தடுக்கப்பட்ட மரணம் ஏறத்தாழ 1,150 பேருக்கு ஒன்று என்று வந்தது. சிறிய எண்தான், ஆனால் சுழியம் அல்ல. எங்கள் கருத்து இது: 40களில் இருப்பவர் நன்மை, தீமை இரண்டையும் தெரிந்துகொண்டு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கத் தொடங்குவது நியாயமான முடிவு. 50 முதல் 74 வரை எந்தக் காரணத்துக்காகவும் முறை தவறக் கூடாது.

தீமை என்று எதைச் சொல்கிறோம்? பிரிட்டனில் 2012இல் ஒரு தனிக்குழு எல்லா ஆய்வுகளையும் அலசிக் கொடுத்த கணக்கு இன்றும் பேசப்படுகிறது. 50 வயதில் தொடங்கி 20 ஆண்டுகள் 10,000 பெண்களை ஸ்கிரீனிங்குக்கு அழைத்தால் மார்பகப் புற்றுநோயால் நேரும் மரணங்களில் 43 தடுக்கப்படும். 129 பேருக்கு, வாழ்நாள் முழுக்க எந்தத் தொல்லையும் தந்திருக்காத புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டு, அறுவையும் மருந்தும் நடந்திருக்கும். அந்த 129 பேர் யார் என்று எந்த நுண்ணோக்கியாலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் எல்லாருக்கும் சிகிச்சை. ஸ்கிரீனிங்கில் கிடைப்பவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று பால் நாளத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும் ஆரம்ப நிலை. அதில் எது வெளியே பரவும், எது அப்படியே கிடக்கும் என்பது இன்னும் விடை தெரியாத கேள்வி. இந்த எண்களைச் சொல்லாமல் "வந்து படம் எடுங்கள்" என்று மட்டும் அழைப்பது நேர்மையில்லை.

விளம்பரங்களில் வரும் இன்னொரு கணக்கையும் கவனமாகப் படியுங்கள்: "ஸ்கிரீனிங்கில் கண்டுபிடித்தவர்களில் இத்தனை சதவீதம் பேர் ஐந்து ஆண்டு தாண்டி வாழ்கிறார்கள்." ஒரு பெண் 65 வயதில் இந்த நோயால் இறக்கிறார் என்று வையுங்கள். 62இல் கட்டி தட்டுப்பட்டுக் கண்டுபிடித்திருந்தால் அவர் மூன்று ஆண்டு வாழ்ந்தவர் ஆவார். 58இல் படத்தில் கண்டுபிடித்திருந்தால் ஏழு ஆண்டு. இறந்த தேதி மாறவே இல்லை, ஆனாலும் 'ஐந்து ஆண்டு தாண்டியவர்' பட்டியலில் சேர்ந்துவிட்டார். ஸ்கிரீனிங் பயன் தருகிறதா என்பதைச் சொல்லும் ஒரே அளவுகோல், குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து நடத்திய ஆய்வில் மரணம் குறைந்ததா என்பதுதான். மேமோகிராமுக்கு அந்தச் சான்று இருக்கிறது: மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 20 சதவீதம் குறைகிறது.

கைப் பரிசோதனையும் மற்றவையும்

மாதாமாதம் கண்ணாடி முன் நின்று முறைப்படி சுயபரிசோதனை செய்யச் சொல்லும் பழைய அறிவுரைக்குச் சான்று இல்லை. ஷாங்காயில் ஜவுளி ஆலைகளில் வேலை பார்த்த 2,66,000 பெண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. சுயபரிசோதனை கற்றுக்கொண்ட குழுவில் மரணம் குறையவில்லை. சாதாரணக் கட்டிகளுக்கான பயாப்ஸி மட்டும் கூடியது. அதற்காக உங்கள் உடலை நீங்கள் அறியாமல் இருக்க வேண்டும் என்று பொருளில்லை. குளிக்கும்போதும் உடை மாற்றும்போதும் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது தெரிந்தால் உடனே காட்டுங்கள். அட்டவணை போட்டுத் தேட வேண்டாம், அவ்வளவுதான்.

பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளரோ மருத்துவரோ செய்யும் கைப் பரிசோதனை வேறு. மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை 1,51,000க்கும் மேற்பட்ட பெண்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடந்த கைப் பரிசோதனையால் 50 வயதைத் தாண்டியவர்களிடம் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. 50க்குக் கீழே பயன் தெரியவில்லை. மேமோகிராம் எட்டாத இடங்களில் இது பொருட்படுத்த வேண்டிய வழி.

வெப்பப் படம் எனப்படும் தெர்மோகிராபி, புற்றுநோயின் தடயப் பொருள்களை ரத்தத்தில் பார்க்கும் 'டியூமர் மார்க்கர்' ஆகியவை ஸ்கிரீனிங்குக்கு உதவாது. வலியில்லை, கதிர்வீச்சில்லை என்ற விளம்பரத்தை நம்பி மேமோகிராமுக்குப் பதிலாக இவற்றை எடுக்காதீர்கள். அல்ட்ராசவுண்டும் தனியாக மேமோகிராமுக்கு மாற்றாகாது. ஆரம்ப நிலைப் புற்றுநோயின் அடையாளமாக இருக்கக்கூடிய நுண்ணிய சுண்ணாம்புப் படிவுகளை அது பெரும்பாலும் காட்டாது.

படம் எடுக்கும் நாள்

மாதவிலக்கு இன்னும் நிற்காதவர்கள், விலக்கு முடிந்த வாரத்தில் தேதி வாங்குங்கள். விலக்குக்கு முந்தைய வாரத்தில் மார்பு கனத்து நோகும், அழுத்தும்போது தாங்காது. பழைய படங்கள் இருந்தால் குறுந்தகட்டோடு கொண்டுபோங்கள். தாள் ரிப்போர்ட் மட்டும் போதாது. மூன்று ஆண்டுக்கு முன் இருந்த நிழல் அப்படியே இருக்கிறதா, புதிதாக வந்ததா என்பதை இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் சொல்ல முடியும். ஒப்பிடப் பழைய படம் இல்லாததாலேயே திரும்ப அழைக்கப்படுபவர்கள் பலர்.

அன்று காலை அக்குளிலும் மார்பிலும் டியோடரண்ட், பவுடர், கிரீம் எதுவும் போடாதீர்கள். அவற்றிலுள்ள உலோகத் துகள்கள் படத்தில் வெள்ளைப் புள்ளிகளாக விழும், சுண்ணாம்புப் படிவுபோலவே தெரியும். மேல் உடை தனியாகக் கழற்றும்படி இருக்கட்டும். மார்பில் சிலிகான் வைத்திருந்தாலும், கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலும், முன்பு அறுவை நடந்த தழும்பு இருந்தாலும் படமெடுப்பவரிடம் சொல்லுங்கள். பால் கொடுப்பவர்கள் உள்ளே போவதற்குச் சற்று முன் பால் கொடுத்தோ பீய்ச்சியோ விடுங்கள். படம் தெளிவாக விழும்.

மொத்தம் நான்கு படம்: ஒவ்வொரு மார்புக்கும் மேலிருந்து கீழாக ஒன்று, சாய்வாகப் பக்கத்திலிருந்து ஒன்று. தட்டின் மேல் மார்பை வைத்து, மேலிருந்து ஒரு பிளாஸ்டிக் தகடு அழுத்தும். ஒவ்வொரு அழுத்தமும் சில நொடிகள்தான். எதற்கு இவ்வளவு அழுத்தம் என்று கோபம் வரும். திசு மெலிதாகப் பரவினால்தான் ஒன்றன்மேல் ஒன்று ஒளிந்திருப்பது பிரிந்து தெரியும், அசைவால் படம் மங்காது, கதிர்வீச்சும் குறைவாகப் போதும். சாய்வுப் படத்தில்தான் தவறு அதிகம் நேரும். கையைப் பிடியில் வைத்துத் தோளைத் தளர்த்தி விட வேண்டும். தோளை இறுக்கினால் மார்புத் தசையும் அக்குளை ஒட்டிய திசுவும் படத்துக்குள் வராது. மார்பகப் புற்றுநோய் அதிகம் தோன்றுவது அக்குளை ஒட்டிய அந்த மேல் வெளிப்பகுதியில்தான். நல்ல சாய்வுப் படத்தில் மார்புத் தசையின் நிழல் மேலிருந்து காம்பின் மட்டம் வரை இறங்கியிருக்கும். தோள்பட்டை வலியால் கையைத் தூக்க முடியாதவர்கள் முன்பே சொன்னால் நிற்கும் விதத்தை மாற்றிக்கொடுப்பார்கள்.

நான்கு படத்துக்கும் சேர்த்துக் கதிர்வீச்சு ஏறத்தாழ 0.4 மில்லிசீவர்ட். மண், காற்று, வானத்திலிருந்து இயற்கையாக ஏழு வாரத்தில் நம்மீது படும் அளவு அது. இந்தப் பயத்தால் மேமோகிராமை விட வேண்டியதில்லை. டோமோசிந்தசிஸ் என்ற முப்பரிமாண முறை கிடைத்தால் எடுக்கலாம், சற்று அதிகமாகக் கண்டுபிடிக்கும். கிடைக்காவிட்டால் சாதாரண டிஜிட்டல் மேமோகிராமும் ஏற்கப்பட்ட முறைதான்.

ரிப்போர்ட்டைப் படிப்பது

கடைசி வரியைப் பாருங்கள். மார்பகப் படங்களைத் தரம் பிரிக்கும் 'பைராட்ஸ்' என்ற குறியீட்டைப் போட்டு 0 முதல் 6 வரை ஓர் எண் இருக்கும்.

0 என்றால் படம் போதவில்லை, இன்னும் படமோ பழைய படமோ வேண்டும் என்று பொருள். பலரும் சுழியத்தை 'ஒன்றும் இல்லை' என்று படித்துக் கோப்பை மூடிவிடுகிறார்கள். இந்த ரிப்போர்ட்டில் நடக்கும் தவறுகளில் மோசமானது இதுதான். 1 என்றால் இயல்பு. 2 என்றால் ஏதோ இருக்கிறது, ஆனால் நிச்சயமாகச் சாதாரணமானது. 3 என்றால் புற்றுநோயாக இருக்கும் சாத்தியம் 2 சதவீதத்துக்கு மேல் இல்லை, ஆறு மாதத்தில் திரும்பப் படமெடுக்க வேண்டும். 4 என்றால் பயாப்ஸி தேவை. சாத்தியம் 2 முதல் 95 சதவீதம் வரை விரிவதால் அதை 4ஏ, 4பி, 4சி என்று பிரிப்பார்கள். 4ஏ வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருக்காது. 5 என்றால் 95 சதவீதத்துக்கு மேல். 6, ஏற்கெனவே உறுதியான நோய்க்கு.

அதே தாளில் மார்பகத் திசுவின் அடர்த்தி ஏ, பி, சி, டி என்று குறித்திருக்கும்; ஏ மிகக் குறைவு, டி மிக அதிகம். அடர்ந்த திசுவும் கட்டியும் படத்தில் ஒரே வெள்ளை நிறம் என்பதால், சி, டி வந்தால் கட்டி மறைந்துகொள்ள இடமுண்டு, நோய் அபாயமும் சற்றுக் கூடுதல். தொட்டுப் பார்த்து அடர்த்தியைச் சொல்ல முடியாது. டி வந்தவர்கள் கூடுதலாக எம்ஆர்ஐ எடுப்பதைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். நெதர்லாந்தில் நடந்த ஆய்வில், எம்ஆர்ஐக்கு அழைக்கப்பட்ட குழுவில் இரண்டு ஸ்கிரீனிங்குகளுக்கு நடுவே தலைகாட்டிய புற்றுநோய் 1,000க்கு 5லிருந்து 2.5ஆகக் குறைந்தது. மரணம் குறையுமா என்பதற்கு இன்னும் சான்று வரவில்லை. அதனால்தான் அமெரிக்கப் பணிக்குழு இதில் பரிந்துரை எதுவும் தராமல் இருக்கிறது, ஐரோப்பிய மார்பகப் படிமவியல் சங்கமோ டி பிரிவினருக்கு எம்ஆர்ஐயைப் பரிந்துரைக்கிறது.

திரும்ப அழைத்தால்

அமெரிக்கக் கணக்கில் 100 பேர் படமெடுத்தால் ஏறத்தாழ 10 பேரைத் திரும்ப அழைப்பார்கள். 1,000 பேரில் சுமார் 5 பேருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். திரும்ப அழைக்கப்படும் இருபது பேரில் பத்தொன்பது பேர் நல்ல செய்தியோடு வீடு திரும்புவார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஒருவருக்காகத்தான் இத்தனை ஏற்பாடும், ஆகவே போகாமல் இருக்காதீர்கள்.

பெரிதாக்கிய படமும் அல்ட்ராசவுண்டும் எடுத்தபின் சந்தேகம் தீராவிட்டால் பயாப்ஸி. கோர் பயாப்ஸி கேளுங்கள். மரத்துப்போக ஊசி போட்டு, 14 கேஜ் அளவிலான தடித்த ஊசியால் சிறு துண்டுகளாகத் திசு எடுப்பார்கள். மெல்லிய ஊசியால் உறிஞ்சும் முறையில் செல்கள் மட்டுமே வரும். நோய் நாளத்துக்குள் அடங்கியதா, வெளியே ஊடுருவியதா என்று அதில் பிரித்தறிய முடியாது. ஊசி குத்தினால் நோய் பரவும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. அதனால் யாருடைய ஆயுளும் குறைந்ததாகச் சான்று இல்லை. மாறாக, ஊசிப் பயாப்ஸி எடுக்காமல் "கட்டியை எடுத்தே பார்த்துவிடலாம்" என்று முதலிலேயே அறுத்துவிடுவதுதான் கெடுதல். புற்றுநோய் என்று பின்னால் தெரிந்தால், அறுத்த இடத்தின் ஓரங்களில் புற்றுநோய் செல்கள் மிஞ்சியிருக்கலாம், இரண்டாவது அறுவை வேண்டியிருக்கலாம், முதலில் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கும் வாய்ப்பும் போய்விடும்.

பயாப்ஸி முடிவு வந்ததும் ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: "படத்தில் தெரிந்ததற்கும் திசுவில் வந்ததற்கும் பொருத்தம் இருக்கிறதா?" படம் பைராட்ஸ் 5, திசுவோ சாதாரணம் என்றால் ஊசி இலக்கைத் தவறவிட்டிருக்கலாம். திரும்ப எடுக்க வேண்டும். புற்றுநோய் உறுதியானால் அதே திசுவில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களின் ஏற்பிகளும் ஹெர்2 என்ற புரதமும் பார்க்கப்பட்டிருக்கின்றனவா என்று கேளுங்கள். சிகிச்சையைத் தீர்மானிப்பவை அவை. முதலில் மருத்துவரைப் பார்த்த நாளிலிருந்து 60 நாளுக்குள் நோயைக் கண்டறிந்து உறுதிசெய்யும் வேலை முடிய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் இலக்கு.

எப்போது நிறுத்துவது

ஸ்கிரீனிங்கின் பலன் கண்ணில் தெரியப் பத்து ஆண்டு ஆகும். 75 வயதைத் தாண்டி, இதயமோ சிறுநீரகமோ தளர்ந்திருப்பவருக்கு அந்தப் பத்து ஆண்டு கிடைப்பது அரிது, தேவையற்ற சிகிச்சையின் சுமைதான் மிஞ்சும். நல்ல திடத்தோடு இருப்பவர் மருத்துவரிடம் பேசித் தொடரலாம். புதிதாகக் கட்டி தெரிந்தால் மட்டும் 90 வயதானாலும் காட்டியாக வேண்டும்.

கடைசியாக, படம் எடுத்துவிட்டு வெளியே வரும் முன் இரண்டு விவரம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: முடிவு எந்தத் தேதிக்குள் வரும், வராவிட்டால் யாரைக் கேட்பது. அந்தத் தேதி தாண்டியும் தகவல் இல்லையென்றால், ஒன்றும் இல்லாததால்தான் கூப்பிடவில்லை என்று நினைக்காதீர்கள். தொலைந்துபோன ரிப்போர்ட்டும் அப்படித்தான் சத்தமில்லாமல் இருக்கும். மறுநாளே கேளுங்கள், பைராட்ஸ் எண்ணையும் அடர்த்தி எழுத்தையும் அடுத்த தேதியையும் உங்கள் கையெழுத்தில் எழுதி வையுங்கள்.